தூக்குமேடைச் செய்திகளைத் தேடிப் படிப்பது எப்படி: மெல்போர்ன் நாளிதழ்களில் ஒரு பயிற்சி

பழைய நாளிதழ்களில் மரண தண்டனையின் வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்களில் பலர் முதல் நாளே திணறிப்போவார்கள். தேடுபெட்டியில் ஒரு சொல்லைப் போட்டதும் பல்லாயிரம் செய்திகள் வந்து குவியும். பத்துச் செய்தி படிப்பதற்குள் மனசு கனத்துவிடும். எதைக் குறித்துவைப்பது என்றும் புரியாது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன்: ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். அந்த ஊரின் பழைய நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம் என்பது ஒரு காரணம். 1842, 1880, 1922, 1967 என்று அங்கே நடந்த நான்கு தூக்குகளை வரிசையாகப் பார்த்தால், நாளிதழை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் கூடாது என்பது பிடிபட்டுவிடும் என்பது இன்னொன்று.

எங்கே தேடுவது

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் 'ட்ரோவ்' என்ற இணையதளத்துக்குப் போங்கள். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். மெல்போர்னின் மூன்று பெரிய நாளிதழ்களான ஆர்கஸ், ஏஜ், ஹெரால்ட் மூன்றும் அங்கே இருக்கின்றன. பக்கத்தின் படம் ஒரு பக்கம், கணினி படித்தெடுத்த எழுத்து இன்னொரு பக்கம் என்று காட்டும். காலம், மாநிலம், இதழ், செய்தியா விளம்பரமா என்று வடிகட்டலாம். இந்த வடிகட்டிகளைப் பழகிக்கொள்ள ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அந்த ஒரு மணி நேரம் பின்னால் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

இங்கிலாந்து நாளிதழ்கள் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் இருக்கிறது. அதில் தேடுவது இலவசம், பெரும்பாலான பக்கங்களைத் திறந்து படிக்கக் கட்டணம். அமெரிக்காவுக்கு, அந்நாட்டு காங்கிரஸ் நூலகத்தின் இலவசத் திரட்டு உண்டு. பழக ஆரம்பிக்கிறவர்களுக்கு ட்ரோவ்தான் நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'மரண தண்டனையின் வரலாறு' என்பது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. அது ஒரு நூலக அலமாரியின் பெயர். ஒரு வழக்கு, ஒரு சிறை, அல்லது ஒரு வழக்கம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். 'மெல்போர்னில் தூக்கைப் பொதுமக்கள் பார்ப்பது எப்போது நின்றது? நின்ற பிறகு செய்தியாளர்கள் எப்படி எழுதினார்கள்?' என்பது நல்ல கேள்வி. ஆஸ்திரேலியக் காலனிகளில் பெரும்பாலும் 1850-களின் நடுவிலேயே தூக்குமேடை சிறைச்சுவருக்குள் போய்விட்டது. இங்கிலாந்தில் அது 1868-ல்தான் நடந்தது. ஊர் முழுக்கக் கூடிப் பார்த்ததை அதற்குப் பிறகு உள்ளே அனுமதிக்கப்பட்ட சிலர் மட்டும் பார்த்தார்கள். மற்ற எல்லாருக்கும் செய்தியாளரின் கண்தான் கண். நாம் படிக்கப்போகும் செய்திகளுக்கு இவ்வளவு கனம் வந்ததற்கு அதுவே காரணம்.

முதலில் நாட்காட்டி, பிறகு தேடல்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. தேடுபெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் தேதிகளை எழுதுங்கள்: குற்றம் நடந்த நாள், உடல் கிடைத்த நாள், கைது, மரண விசாரணை, ஜூரி முன் வழக்கு, தீர்ப்பு, மேல்முறையீடு, கருணை மனுமீது முடிவு, தூக்கு. இந்த ஒவ்வொரு நாளும் தனித்தனிச் செய்தியைப் பெற்றிருக்கும். தூக்கு நாளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் படத்துக்கு விமர்சனம் எழுதியதுபோல் ஆகும்.

மாலை இதழா காலை இதழா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்போர்னில் தூக்கு நடந்தது காலையில். மாலை இதழான ஹெரால்ட் அன்றைக்கே எழுதிவிடும். ஆர்கஸ், ஏஜ் மறுநாள் எழுதும். விடுமுறை குறுக்கே வந்தால் கணக்கு மாறலாம். கீழே சொல்லப்போகும் காலின் ராஸ் தூக்கிலிடப்பட்டது 1922 ஏப்ரல் 24, திங்கட்கிழமை. மறுநாள், போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள். இந்த மாதிரி இடங்களில் மறுநாளோடு நிறுத்தாமல் அதற்கும் அடுத்த நாளையும் சேர்த்துப் பாருங்கள். வார இதழ்கள், சிற்றூர் இதழ்கள் இன்னும் சில நாள் தள்ளி வரும்.

அந்தக் காலத்துச் சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் இன்று 'கேப்பிட்டல் பனிஷ்மென்ட்' (மரண தண்டனை) என்று தேடினால் தலையங்கங்களும் பட்டிமன்றச் செய்திகளும்தான் அதிகம் வரும். வழக்குச் செய்தி வேண்டுமென்றால் 'எக்ஸிக்யூஷன்' (தண்டனை நிறைவேற்றம்), 'ஸ்கேஃபோல்ட்' (தூக்குமேடை), 'கண்டெம்ன்ட் மேன்' (மரண தண்டனை பெற்றவர்) என்று தேட வேண்டும். அந்தக் காலச் செய்தியாளர்களுக்கு இடக்கரடக்கல் நிறையப் பிடிக்கும். 'எக்ஸ்ட்ரீம் பெனால்டி ஆஃப் த லா' என்று எழுதுவார்கள், சட்டத்தின் உச்ச தண்டனை என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் 'லாஞ்ச்ட் இன்டு எடர்னிட்டி' என்பார்கள், ஆளை நித்தியத்துக்குள் அனுப்பிவிட்டார்களாம். தப்பித்தவர்களைத் தேட 'ரெஸ்பைட்', 'ரிப்ரீவ்' (தண்டனையைத் தள்ளிவைப்பது), 'கம்யூட்டட்' (தண்டனையைக் குறைப்பது) என்று போடுங்கள். இவற்றையெல்லாம் ஆங்கில எழுத்தில் ஒரு பட்டியலாக எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

இதில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. 1823-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டத்தின்படி, கொலை தவிர்த்த பல குற்றங்களில் நீதிபதி மரண தண்டனையை வாய்திறந்து அறிவிக்காமல் ஏட்டில் மட்டும் பதிந்துவிடலாம். நாளிதழும் நீதிமன்றக் குறிப்பும் அதை 'டெத் ரெக்கார்டட்' என்று எழுதும். மரணம் பதிவானது என்று படித்தால் ஆள் செத்தார் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. அந்த ஆளைத் தூக்கிலிடப்போவதில்லை என்பதற்கான குறிப்பு அது. 2019-ல் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, தூக்கிலிடப்படாதவர்களைத் தூக்கிலிடப்பட்டவர்களாக எழுதிவிட்டார். பிபிசி வானொலிப் பேட்டியில், நேரலையில், பேட்டி கண்டவரே அதைச் சுட்டிக்காட்டும்படி ஆயிற்று. ஆகவே ஒரு விதி: தண்டனை விதித்த செய்தி மட்டும் கையில் இருந்தால் 'தண்டனை விதிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதுங்கள். தூக்கு நடந்த செய்தி தனியாகக் கிடைக்கும்வரை யாரையும் கொன்றுவிடாதீர்கள்.

பெயர் யாருடையது?

மெல்போர்னில் சட்டப்படி நடந்த முதல் தூக்கு 1842 ஜனவரி 20-ல். டாஸ்மேனியப் பழங்குடியினரான துன்னர்மின்னர்வைட், மௌல்பாய்ஹீனர் என்ற இருவர், திமிங்கல வேட்டைக்காரர்கள் இருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார்கள். கருணை காட்டும்படி ஜூரி பரிந்துரைத்தும் பயனில்லை. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து பார்த்தார்கள்.

இப்போது இந்தப் பெயர்களை அப்படியே ட்ரோவில் தட்டிப் பாருங்கள். அன்றைய செய்தி ஒன்றும் சிக்குவது கஷ்டம். வெள்ளையர் இதழ்களுக்கு அவர்கள் 'ஜாக்', 'பாப்'. ஆகவே ஒருவரின் எல்லாப் பெயர்களையும், ஆட்சியாளர்கள் வைத்த பட்டப்பெயர் உட்பட, தேடல் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆர்கஸையும் இங்கே தேடாதீர்கள். அது 1846-ல்தான் தொடங்கியது. போர்ட் ஃபிலிப் பேட்ரியட் போன்ற அன்றைய இதழ்களைப் பாருங்கள். எந்த ஆண்டில் எந்த இதழ் உயிரோடு இருந்தது என்று பார்த்துக்கொண்டு தேடுவது, ஊரில் இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருப்பதற்கு உதவும்.

செய்தியில் இல்லாததையும் கவனியுங்கள். பழங்குடியினர் கிறிஸ்தவ முறைப்படி சத்தியம் செய்ய முடியாது என்று அவர்களது சாட்சியத்தை அன்றைய நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே நாளிதழில் பத்தி பத்தியாக வழக்கு விவரம் இருக்கும், தூக்கில் தொங்கப்போகிறவர்களின் சாட்சியம் இருக்காது. அந்த இருவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: ரெட்மண்ட் பேரி. 38 ஆண்டுகளுக்குப் பிறகு இதே ஊரில் நீதிபதியாக உட்கார்ந்து, பேர்பெற்ற கொள்ளைக்காரரான நெட் கெல்லிக்கு மரண தண்டனை விதித்தவரும் அவரே. ஒரே ஊரைத் தொடர்ந்து படித்தால்தான் இப்படிப்பட்ட முடிச்சுகள் கண்ணில் படும்.

பத்து இதழ் எழுதினால் பத்துச் சாட்சி ஆகுமா?

நெட் கெல்லி 1880 நவம்பர் 11-ல் மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கடைசியாகச் சொன்னது 'சச் இஸ் லைஃப்' (வாழ்க்கை இவ்வளவுதான்) என்று ஆஸ்திரேலியாவில் குழந்தைக்கும் தெரியும். பயிற்சிக்காக அந்த வாரத்து நாளிதழ்களைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இருந்த செய்தியாளர்களில் சிலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தூக்கு நேரத்தை முன்னதாக அறிவித்தபோது சொன்னது அது என்று வேறு சிலர் எழுதினார்கள். கழுத்தில் கயிறு ஏறும்போது 'சரி, கடைசியில் இதுதான் என்று ஆகிவிட்டது போலும்' என்ற பொருளில் ஏதோ சொன்னதாக ஆர்கஸ் எழுதியது. ஒரே அறை, ஒரே காலை, சில அடி தூரம். அப்படியிருந்தும் ஒத்துப்போகவில்லை.

இந்த இடத்தில் புதியவர்கள் வாக்கெடுப்பு நடத்துவார்கள்: இருபது இதழில் 'சச் இஸ் லைஃப்' இருக்கிறது, ஆகவே அதுதான் உண்மை என்று. அந்த இருபதில் பெரும்பாலானவை சிற்றூர் இதழ்கள். தந்தியில் வந்ததை அல்லது மெல்போர்ன் இதழில் வந்ததை அப்படியே அச்சடித்தவை. சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மூலத்திலிருந்து வந்தவற்றை ஒரு கட்டாகக் கட்டி அதற்கு ஒரே சாட்சி என்று எண் கொடுங்கள். நான் முதலில் இதைச் செய்யாமல், ஒரு வழக்கில் பதினான்கு ஆதாரம் சேர்த்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கட்டிப் பார்த்தபோது மிஞ்சியது மூன்று.

இன்னொன்று: 'உடனடி மரணம்' என்ற சொற்றொடர் அக்காலத் தூக்குச் செய்திகளில் முத்திரை குத்தினாற்போல வரும். அதை மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததைச் சிறை ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும்.

நாளிதழே கட்சிக்காரனாக நிற்கும்போது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் இதுதான் நான் சொல்ல வந்ததே.

1921 டிசம்பர் 30-ல் அல்மா டிர்ட்ஷ்கே என்ற 12 வயதுச் சிறுமி மெல்போர்ன் நகர நடுவில் காணாமல் போனாள். மறுநாள் காலை கன் ஆலி என்ற சந்தில் அவள் உடல் கிடைத்தது. ஊரே கொதித்தது. துப்புக் கொடுப்பவருக்கு அரசு 1,000 பவுண்டு அறிவித்தது. ஹெரால்ட் நாளிதழ் தன் பங்குக்கு 250 பவுண்டு அறிவித்தது. அப்போது ஹெரால்டின் ஆசிரியர் கீத் மர்டாக். ஜனவரி 12-ல், பக்கத்தில் ஒயின் கடை நடத்திய காலின் கேம்ப்பெல் ராஸ் கைதானார். பிப்ரவரியில் வழக்கு முடிந்து தண்டனை. மேல்முறையீடு, ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிபதி ஐசக்ஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். சிறுமி காணாமல்போன நாளிலிருந்து நான்கு மாதம் நிறைவதற்குள் ராஸைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். கடைசிவரை தான் நிரபராதி என்றே அவர் சொன்னார்.

அவருக்கு எதிரான சாட்சிகளில் ஒருவர் சிறையில் உடன் இருந்த கைதி. ராஸ் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக அவர் சொன்னார். சாட்சி சொன்னவர்களில் சிலர் பின்னால் பரிசுத்தொகையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அறிவியல் சான்று என்று இருந்தது, ராஸின் வீட்டுப் போர்வைகளில் கிடைத்த சில தலைமுடிகள். அவை சிறுமியுடையவையோடு ஒத்துப்போகின்றன என்று அரசு ஆய்வாளர் சொன்னார். 1990-களில் ஆராய்ச்சியாளர் கெவின் மார்கன் பழைய வழக்குக் கோப்பில் அந்த முடிகள் அப்படியே இருப்பதைக் கண்டுபிடித்தார். சோதித்துப் பார்த்ததில் அவை சிறுமியுடைய முடிகள் இல்லை என்று தெரிந்தது. 2008 மே 27-ல், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநில அரசு ராஸுக்கு மன்னிப்பு வழங்கியது. அதற்காக மனுச் செய்தவர்களில் ராஸின் உறவினர்களோடு அந்தச் சிறுமியின் உறவினர்களும் இருந்தார்கள்.

இந்த வழக்கை ட்ரோவில் இப்படிப் படியுங்கள். டிசம்பர் 31-லிருந்து ஜனவரி 12 வரை ஹெரால்டை நாள்தோறும் புரட்டுங்கள். தேடல் துண்டுகளை மட்டும் பார்க்காமல் முழுப் பக்கத்தையும் திறங்கள். கொலைச் செய்தி முதலில் எந்தப் பக்கத்தில் இருந்தது, எத்தனையாவது நாள் எவ்வளவு பெரிதாயிற்று, பரிசு அறிவிப்பு எந்தச் செய்திக்குப் பக்கத்தில் வந்தது, வாசகர் கடிதம் என்ன சொன்னது, தலையங்கம் யாரைக் குற்றம் சாட்டியது என்று நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அதே நாள் ஆர்கஸைத் திறந்து ஒப்பிடுங்கள். கைதான பிறகு ராஸைக் குறிக்கும் பெயரடைகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். சிறுமியின் குடும்பப் பெயரைத் தேடும்போது பொறுமை வேண்டும். அச்சுக்கோப்பவரும் குழம்பக்கூடிய பெயர் அது, எழுத்துணரி என்கிற ஓசிஆர் அதைவிடவும் குழம்பும். 'கன் ஆலி' என்று தேடினால் கூடுதலாகக் கிடைக்கும்.

எழுத்துணரி என்றதும் ஒரு வார்த்தை. கணினி மங்கலான அச்சைத் தப்பாகப் படிக்கும். தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதற்கு அச்சில் இல்லை என்று பொருளில்லை. தேதி தெரிந்தால் தேடலை மறந்துவிட்டுப் பக்கங்களை நேராகப் புரட்டுங்கள். 1800-க்கு முந்தைய ஆங்கில இதழ்களில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். கணினி ஏமாறும், நீங்களும் ஏமாறுவீர்கள்.

இருட்டுப் பகுதி

ட்ரோவில் பெரும்பாலான இதழ்கள் காப்புரிமை காரணமாக 1954-ஓடு நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட ரொனால்ட் ரையனின் வழக்கு அதற்குப் பிந்தியது: 1967 பிப்ரவரி 3, மெல்போர்னின் பென்ட்ரிட்ஜ் சிறை. கான்பெரா டைம்ஸ் 1995 வரை ட்ரோவில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். மெல்போர்ன் இதழ்களுக்கு விக்டோரியா மாநில நூலகத்து மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்)தான் வழி. போக முடிந்தால் அவசியம் போங்கள். மாநில முதல்வர் ஹென்றி போல்ட் தூக்கில் உறுதியாக நிற்க, மெல்போர்ன் நாளிதழ்கள் வேண்டாம் என்று எழுதின. ஹெரால்டும் அதில் சேர்த்தி. 1922-ல் பரிசு அறிவித்த அதே ஹெரால்ட். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், தண்டனையின் வரலாற்றோடு நாளிதழின் வரலாறும் சேர்ந்தே கிடைக்கும்.

குறிப்பெடுப்பது

எக்செல் போதும். இதழ், தேதி, பக்கம், எந்த மூலக் கட்டு, நேரில் பார்த்தவர் எழுதியதா கேட்டு எழுதியதா, சொல் மாறாத மேற்கோள், உங்கள் கருத்து என்று தனித்தனி நிரல். மேற்கோளையும் கருத்தையும் ஒரே கட்டத்தில் போட்டால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது. ட்ரோவில் ஒவ்வொரு செய்திக்கும் நிலையான முகவரி உண்டு, அதையும் ஒட்டிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்தால், ஒரு நாள் தேதியில்லாத இருநூறு படங்களோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்புறம் அந்தச் செய்திகளை வேறு ஆவணத்தோடு உரசிப் பாருங்கள். விக்டோரியாவின் பொது ஆவணக் காப்பகத்தில் மரண தண்டனை வழக்குக் கோப்புகள் இருக்கின்றன. லண்டன் வழக்கு என்றால் ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இலவசமாக இணையத்தில் கிடைக்கும்.

தமிழில் தேட வேண்டுமென்றால்

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் திரட்டில் 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு இருக்கிறது. 1915-ல் சிங்கப்பூரில் நடந்த இந்தியச் சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அவுட்ரம் சாலைச் சிறைக்கு வெளியே, கூட்டம் பார்க்க, சிப்பாய்களைச் சுட்டுக்கொன்றது பற்றிய ஆங்கிலச் செய்திகளும் அதே திரட்டில் உண்டு. இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு 'நூலகம்' இணையத் திரட்டு. அங்கே கடைசித் தூக்கு 1976-ல். தமிழ்நாட்டுப் பழைய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழில் தேடும்போது 'தூக்குத்தண்டனை', 'தூக்குத் தண்டனை' என்று சேர்த்தும் பிரித்தும் தட்டுங்கள். 'மரண தண்டனை', 'கருணை மனு', 'தூக்கிலிடப்பட்டார்' என்பவற்றையும். தமிழ் அச்சில் எழுத்துணரியின் தடுமாற்றம் ஆங்கிலத்தைவிட அதிகம் என்பதால் தேதி வைத்துப் புரட்டுவதே நம்பகமான வழி.

ஒரு நாளைக்கு இரண்டு தூக்குச் செய்திக்கு மேல் படிக்காதீர்கள். மூன்றாவதில் கண் மரத்துவிடும், விவரம் தப்பும். நிறுத்தும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: ட்ரோவில் கணினி தப்பாகப் படித்த வரியை நீங்களே திருத்தலாம். அன்று படித்த செய்தியில் பெயர்களை மட்டுமாவது திருத்திவிட்டுப் பக்கத்தை மூடுங்கள். நாளைக்கு 'டிர்ட்ஷ்கே' என்று சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு அந்தச் செய்தி கிடைக்கும்.